நீ மாற்றாத ரூபாய்

இன்று காலை என் மகள் கூடத்தில் உட்கார்ந்து நகப்பூச்சை அழித்துக்கொண்டிருந்தாள். பஞ்சில் நனைத்த அந்தத் திரவத்தின் வாடை மூக்கில் ஏறியதும் என்னால் அங்கே இருக்க முடியவில்லை. செய்தித்தாளை அப்படியே போட்டுவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். "என்னப்பா ஆச்சு?" என்று பின்னாலேயே வந்து கேட்டாள். தலைவலி என்று சொல்லி அனுப்பினேன்.

அது அசிட்டோன் வாடை. ஆறு வருஷத்துக்கு முன் ஈக்காட்டுத்தாங்கலில் உன் பட்டறையில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் அதை ஊற்றி, என் அப்பாவின் வெள்ளி ரூபாயை விரல் நடுங்காமல் நீ அதற்குள் இறக்கினாய். பக்கத்தில் லேத் நின்றுபோயிருந்தது. மின்சாரம் இல்லை. வாசல் வழியாக வந்த வெளிச்சத்தில் இரண்டு பேரும் குனிந்து கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உன்னை நண்பனாகப் பார்த்த கடைசி நாட்களில் அதுவும் ஒன்று.

இதில் பாதி உனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் முதலிலிருந்து எழுதுகிறேன். இதுவரை நான் இதை உன்னிடம் சொன்னதில்லை.

அப்பாவை எனக்குப் பிடித்ததைவிட உனக்கு அதிகம் பிடிக்கும். மயிலாப்பூரில் நாம் ஒன்றாகப் படித்த காலத்தில், பள்ளி விட்டதும் நீ நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வருவாய். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து நான் காலேஜுக்குப் போனேன். உன்னைப் படிக்கவைக்க உன் வீட்டில் ஆளில்லை. கிண்டி ஐ.டி.ஐ.க்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, கூடவே வந்து, உன்னைச் சேர்த்துவிட்டவர் அப்பா. தபால் ஆபீஸ் கவுண்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்தவர். சொந்த வீடு வாங்கவில்லை, நகை நட்டு சேர்க்கவில்லை. அவரிடம் இருந்த ஒரே பெருமை அந்த ரூபாய்.

ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய். இரண்டாம் உலக யுத்தம் ஆரம்பித்த வருஷத்தது. அந்த வருஷத்துக் காசு வெளியே அதிகம் வரவில்லை, கிடைத்தால் பொக்கிஷம் என்று ஏதோ வாரப் பத்திரிகையில் படித்துவிட்டு, கவுண்டரில் தன் கைக்கு வந்ததை எப்போதோ எடுத்து வைத்திருந்தது நினைவுக்கு வந்து, பெட்டியைக் குடைந்து கண்டுபிடித்தாராம். அன்றே அது பூஜை அலமாரிக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை தோறும் சந்தனம், குங்குமம். வருஷக்கணக்கில் அது காய்ந்து ஏறி, ராஜாவின் முகமே தெரியாமல் போய்விட்டது. படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அதை நல்ல இடமாப் பாத்து வித்து, குழந்தையைப் படிக்க வைடா. என்னால முடிஞ்சது அதுதான்" என்றார். அந்த வாரமே போய்விட்டார். நீ எனக்கு முன்னால் பாடையின் ஒரு முனையைப் பிடித்தாய்.

மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். தனியார் கல்லூரியில்தான் இன்ஜினியரிங் இடம் கிடைக்கும்போல இருந்தது. பழைய காசு சேர்ப்பவர்கள் கூடும் நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை நடத்திய சுந்தரேசன் சார்தான் அந்தச் செய்தியைச் சொன்னார். பம்பாயிலிருந்து காசு ஏலம் நடத்துபவர்கள் தி.நகர் ஓட்டல் ஒன்றுக்கு வருகிறார்கள். கூடவே ஒரு நிபுணர் வருகிறார். காசு எவ்வளவு தேய்ந்திருக்கிறது, முகம் எவ்வளவு தெளிவு, யாராவது தேய்த்து மெருகேற்றிக் கெடுத்திருக்கிறார்களா என்று பார்த்துத் தரம் எழுதுவார். அந்தத் தரத்தை வைத்துத்தான் விலை.

முகமே தெரியாத காசுக்கு என்ன தரம் எழுதுவார் என்ற பதற்றத்தில் நான் புளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் நீ வந்தாய். கையைத் தட்டிவிட்டாய்.

"இன்னா நைனா, பித்தள சொம்பா இது? புளி போட்டு தேய்ச்சா செத்துச்சு. ஒரு கோடு வுழுந்தாலும் கண்ணாடில பாத்து கண்டுபுடிச்சிடுவான்."

"அப்ப எப்படிடா இந்த அழுக்கு போகும்?"

"தேய்க்கக் கூடாது. ஊறணும். தானா வரணும். எங்கிட்ட குடு, நான் பாத்துக்கறேன்."

நீதான் கேட்டாய், நான் தானாகத் தரவில்லை என்று பிறகு பத்துப் பேரிடம் சொன்னேன். அது பாதி உண்மைதான். நீ கேட்டது அன்றைக்கு எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

பட்டறையில், கிண்ணத்தில் போடுவதற்கு முன், வெள்ளி கணீரென்று ஒலிக்கிறதா என்று பார்க்கும் பழக்க தோஷத்தில் நீ அதை மேசைமேல் சுண்டினாய். ஒரே ஒரு தடவை. நான் கல்லூரி விஷயமாக ஏதோ பேசிக்கொண்டிருந்தேன், சத்தத்தைக் கவனிக்கவில்லை. உன் முகத்தை மட்டும் பார்த்தேன். தலையை ஒருபக்கம் சாய்த்தாய். மறுபடி சுண்டக் கையை எடுத்துவிட்டு, சுண்டாமல் நிறுத்திக்கொண்டாய்.

"அழுக்கு ரொம்ப கீது. அதான் சரியா கேக்கல" என்றாய். நான் ஒன்றும் கேட்கவே இல்லை.

மூன்று நாள் கழித்து வீட்டுக்கு வந்து, பஞ்சு வைத்த காகித உறையை என் கையில் கொடுத்தாய். பிரித்துப் பார்த்தேன். ராஜாவின் மூக்கு, காது, கிரீடத்தின் கற்கள் எல்லாம் தெரிந்தன. இத்தனை வருஷம் பூஜை அலமாரியில் நான் பார்த்த காசாக அது இல்லை. அந்நியமாக இருந்தது. நீ நாற்காலியில் உட்காரவில்லை.

"நைனா, ஒண்ணு சொல்றேன். இத ஏலத்துக்குக் குடுக்காத. ஊட்லயே வச்சுக்க."

"ஏன்டா?"

"அப்பா கும்புட்டது. வெளியாளு கைல குடுத்து, அவன் ஏதாவது சொல்லி... வேணாம். கல்லூரிக்கு வேற வழி பாப்போம். நான் கீறேன் இல்ல?"

"அப்பாவே விக்கச் சொன்னதுடா இது."

 நீ செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாய். என் மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். "ஏன் வேணாங்கறார்? அவருக்கே அது மேல கண்ணு இருக்கோ என்னவோ" என்றாள். சும்மா சொன்னதுதான். நான் அவளைக் கோபித்துக்கொண்டேன். ஆனால் அந்தப் பேச்சு எனக்குள் எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது.

தி.நகர் ஓட்டலில் அந்த மத்தியானம் நடந்தது உனக்கு மறந்திருக்காது. நான் கூப்பிடவில்லை, நீயாகவே வந்து எனக்குப் பின்னால் நின்றாய். பம்பாய்க்காரர் மெதுவாகப் பேசுகிறவர். காசைத் தராசில் வைத்தார். உருப்பெருக்கியில் பார்த்தார். விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பென்சில் முனையால் இரண்டு இடத்தைக் காட்டினார். விளிம்பைச் சுற்றி மெல்லிய ஒட்டு. வருஷத்தின் கடைசி இலக்கத்துக்குக் கீழே கடுகைவிடச் சின்னதாக ஒரு முடிச்சு. இது அச்சடித்த காசு இல்லை, உலோகத்தை உருக்கி வார்த்த போலி என்று இங்கிலீஷில் சொன்னார். வருத்தம் தெரிவித்தார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

 நான் திரும்பினேன். நம் கூட்டத்து ஆட்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். நான் உன் சட்டையைப் பிடித்தேன்.

"மூணு நாள் உன்கிட்டதான இருந்துது. எங்கடா எங்கப்பா காசு?"

"நைனா, கைய எடு. வெளிய வா, சொல்றேன்."

"இங்கயே சொல்லு. மாத்திட்டியா?"

"அது மொதல்லேர்ந்தே இப்டித்தான் நைனா."

"அப்ப எங்கப்பா கள்ளக் காசை வச்சுக் கும்பிட்டுக்கிட்டு இருந்தார்ங்கறியா? எல்லார் முன்னாடியும் சொல்லு. சொல்லுடா!"

நீ வாயைத் திறந்தாய். சுற்றி நின்றவர்களைப் பார்த்தாய். அப்பா போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. நீ வாயை மூடிக்கொண்டாய். சுந்தரேசன் சார் நடுவில் வந்து, "உங்களுக்கு முன்னாடியே தெரியும்னா ஏம்பா அப்பவே சொல்லல?" என்று உன்னைக் கேட்டார். நீ அதற்கும் பதில் சொல்லவில்லை. பதில் இல்லாதவன் குற்றவாளி என்று அங்கிருந்த எல்லோரும் முடிவு செய்தார்கள். நான் முதலில் முடிவு செய்தேன்.

இப்போது யோசித்துப் பார்த்தால், அப்பா ஏமாந்தவர் என்று நம்புவதைவிட நீ திருடன் என்று நம்புவது எனக்குச் சுலபமாக இருந்தது. அப்பாவின் கடைசி வார்த்தை வெற்று வார்த்தையாகப் போய்விடக் கூடாது. அதற்கு யாராவது ஒருவன் திருடனாக வேண்டும். பக்கத்தில் நீ நின்றாய்.

அடுத்த வாரம் நீ வீட்டு வாசலுக்கு வந்தாய். கையில் பிஸ்கட் தகரப் பெட்டி. பதினெட்டு வயதிலிருந்து நீ சேர்த்த காசுகள். ஒவ்வொன்றும் தனித்தனிக் காகித உறையில். உறையின் மேல் எந்த ஊரில், எந்தக் கடையில், யாரிடம் வாங்கியது என்று உன் கோழிக்கிறுக்கல் எழுத்தில். நான் உன்னை உள்ளே கூப்பிடவில்லை.

"பாப்பா படிப்பு நிக்கக் கூடாது. அப்பா சொன்னது நடக்கணும். இத வச்சுக்க" என்றாய். "ஆனா நான் எடுக்கல நைனா."

முதல் பாதியைத்தான் நான் கேட்டேன். எடுக்காதவன் எதற்கு ஈடு கொண்டுவந்து தருகிறான்? பெட்டியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன். தி.நகரில் ஒரு கடையில் மொத்தமாகக் கொடுத்தேன். கடைக்காரர் உறைகளைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுக்கொண்டே எண்ணினார். நல்ல காசுகளாம். கல்லூரியின் முதல் வருஷக் கட்டணத்தை அதில்தான் கட்டினேன். இது என் மகளுக்குத் தெரியாது. உன்னை அவள் இன்றைக்கும் மாமா என்றுதான் சொல்கிறாள். ஏன் வருவதில்லை என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள்.

கூட்டத்தின் பதிவேட்டில் உன் பெயரைக் கோடு போட்டு அடித்தார்கள். நீயும் அந்தப் பக்கம் வரவில்லை. ஒரே ஒருமுறை உன்னைப் பார்த்தேன். லஸ் பஸ் நிறுத்தத்தில். நீ என்னைப் பார்த்துவிட்டு ஒரு அடி முன்னால் வந்தாய். அப்போது வந்து நின்றது நான் ஏற வேண்டிய பஸ் இல்லை. இருந்தும் ஏறிவிட்டேன்.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம். ஆபீஸுக்கு சுந்தரேசன் சார் போன் செய்தார். பட்டறையில் லேத் முன்னாலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போவதற்குள் முடிந்துவிட்டதாம். "போறீங்களா?" என்று கேட்டார். "எனக்கென்ன சார் இருக்கு அங்க?" என்றேன். போனை வைத்துவிட்டு, காப்பி வாங்கிவரச் சொன்னேன். குடித்தேன். அன்று மாலைவரை ஃபைல்கள் பார்த்தேன். உன் வீடு இருந்த திருவல்லிக்கேணி என் ஆபீஸிலிருந்து நடக்கும் தூரம். அங்கேதான் உன்னைக் கிடத்தியிருந்தார்கள்.

போன வருஷம் மயிலாப்பூர் வீட்டைக் காலி செய்தோம். வீட்டுக்காரர் இடித்து ஃபிளாட் கட்டப்போகிறார். பரண்மேலிருந்து இறக்கிய டிரங்குப் பெட்டியில் என் பள்ளிக்கூட நோட்டுகளை அப்பா கட்டி வைத்திருந்தார். ஏழாம் வகுப்புக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம். காசின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படம் எடுப்போமே, அப்படி எடுத்த படங்கள். காலணா, அரையணா, நடுவில் அப்பாவின் ரூபாய். அது பூஜை அலமாரிக்குப் போவதற்கு முன், பெட்டியில் பழைய காசுகளோடு கிடந்த காலத்தில் எடுத்தது. பூவேலைக்கு நடுவில் வருஷம் தெளிவாக இருந்தது. கடைசி இலக்கத்துக்குக் கீழே கறுப்பாக ஒரு புள்ளி.

பீரோவில் தூக்கிப் போட்டிருந்த ரூபாயைத் தேடி எடுத்தேன். தாளின்மேல் வைத்துப் பார்த்தேன். ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். அதே இடம். அதே முடிச்சு. எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோதே அது போலிதான்.

சாமான் கட்டிய சாக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். லாரிக்காரர் வந்து, "சார், ஏத்தலாமா?" என்று இரண்டு முறை கேட்டார்.

கவுண்டரில் கள்ள ரூபாயை வாங்கிவிட்டால் குமாஸ்தா தன் கையிலிருந்து போட வேண்டும் என்று அப்பா ஒருமுறை சொன்னது அப்புறம் நினைவுக்கு வந்தது. அப்படித் தன் தலையில் விழுந்த காசோ அது? தெரிந்தே வைத்திருந்தாரா, பிற்பாடு மறந்தே போனாரா? சொல்ல ஆளில்லை. நீ ஒருவேளை ஊகித்திருப்பாய். சுண்டிய அந்த நொடியிலேயே காசு போலி என்று அறிந்துகொண்டாய். மூன்று நாள் அதை வைத்திருந்தது சுத்தம் செய்வதற்கு மட்டும் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. எப்படி என்னிடம் சொல்வது என்று யோசித்திருக்கிறாய்.

உன் மனைவி செல்வியைப் பார்க்கப் போனேன். திருவல்லிக்கேணியில் அதே சந்து, அதே மாடிப் போர்ஷன். அவள் என்னை எப்போதும் அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்கு, "வாங்க சார்" என்றாள். நோட்டையும் ரூபாயையும் அவள் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன். அவள் அழவில்லை. நான் கொண்டுபோயிருந்த பண உறையை அவள் தொடவும் இல்லை.

"அந்தக் காசுங்கள்ல ஒண்ணாவது கீதா சார்?"

"இல்லம்மா."

"அந்த கவருங்க?"

"அதுவும் இல்ல."

"எம் புள்ளைக்கு அவங்கப்பா கையெழுத்துன்னு காட்ட ஊட்ல ஒண்ணும் இல்ல. அந்த கவருங்க மேலதான் எழுதி எழுதி வச்சாரு. அதான் கேட்டேன்."

கீழே மீன்காரி குரல் கொடுத்துக்கொண்டு போனாள். 

"அவரு உங்கள ஒரு வார்த்த தப்பா சொல்லல சார். நான் திட்டினாக்கூட, ‘அவனுக்கு அப்பா போன துக்கம், விடு’ம்பாரு. அப்புறம் துன்றதக் கொறச்சிட்டாரு. பேசறதக் கொறச்சிட்டாரு. நான் பாத்துக்கினேதான் இருந்தேன்." நோட்டை என் பக்கம் தள்ளினாள். "இத எங்கிட்ட காட்டி இன்னா ஆவப்போவுது? எனக்குத்தான் மொதல்லயே தெரியுமே. பத்து பேர் எதிர்ல சொன்னீங்க இல்ல? அங்க போய் சொல்லுங்க."

சில வருஷமாகப் போகாமல் இருந்த கூட்டத்துக்கு அடுத்த ஞாயிறு போனேன். சுந்தரேசன் சாருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. யாரோ கூட்டி வந்து உட்காரவைக்கிறார்கள். பழைய ஆட்கள் மூன்று பேர் இருந்தார்கள். மற்றவர்கள் எல்லாம் புதிது. நான் எழுந்து நின்று உன் பெயரைச் சொன்னேன். புது ஆட்கள் யாருக்கும் புரியவில்லை. பட்டறைக்காரர், ஈக்காட்டுத்தாங்கல், உயரமாக இருப்பார் என்றெல்லாம் அடையாளம் சொன்னேன். பிறகு ஒரு புது ஆளுக்கு, உன்னைப் பார்த்தே இராத ஒருவருக்கு, முகம் மலர்ந்தது.

"ஓ, அந்தக் காசு மாத்தின ஆளா? கேள்விப்பட்டிருக்கேன் சார். சுத்தம் பண்ண யார்கிட்டயும் குடுக்கக் கூடாதுன்னு சொல்றதுக்கு அந்தக் கதையைத்தான் சொல்வாங்க."

நோட்டைப் பிரித்துக் காட்டினேன். கையிலிருந்து கைக்குப் போயிற்று. எல்லோரும் பார்த்தார்கள். அடடா என்றார்கள். பாவம் என்றார்கள். சுந்தரேசன் சார் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு யாரோ புதிதாக வாங்கிய செப்புக்காசை எடுத்து வைத்தார். பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.

இரண்டு வாரம் கழித்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. யாரோ புதிதாகச் சேர்ந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முன்னொரு காலத்தில் இங்கே ஒரு பட்டறைக்காரர் இருந்தாராம், நண்பனின் காசையே மாற்றிவிட்டாராம். நான் உள்ளே போய், "இல்லை, அவர் மாத்தல. நான்தான் பொய் சொன்னேன்" என்றேன். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அதற்குப் பிறகும் இரண்டு முறை சொல்ல வேண்டிவந்தது. நான் சொல்வது ஒரு மாதம் நிற்கிறது. அன்றைக்கு நான் உன் சட்டையைப் பிடித்துச் சொன்னது இன்னும் நிற்கிறது.

காசு பார்ப்பதில் எனக்கு இப்போது விருப்பம் இல்லை. எதையும் வாங்குவதும் இல்லை. ஆனாலும் ஞாயிறு தவறாமல் போய் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறேன். அந்தக் கதை மறுபடி எழும்போது அங்கே ‘இல்லை’ என்று சொல்ல ஓர் ஆள் இருக்க வேண்டும். எனக்குப் பிறகு அதை யார் சொல்வார்கள் என்று தெரியவில்லை.